ஐந்து நிமிட அட்டை

கழிப்பறைக் கதவை யாரோ மூன்றாவது முறையாகத் தட்டினார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்கு வியர்த்துக் கொட்டியது. தையல் கூடத்தில் நாற்பது பெண்களுக்கு ஒரே கழிப்பறை, ஒரே அட்டை. ஆணியிலிருந்து அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை விழுங்குகிற வயிற்றுக்கு ஐந்து நிமிடம் எந்த மூலைக்கு? நான்கு நாளாகக் கல்லாய்க் கிடக்கிறது, அசைவேனா என்கிறது.

"அக்கா, சீக்கிரம் வாங்க. சூப்பர்வைசர் கத்துறாரு."

வந்த காரியம் முடியாமலே எழுந்தாள்.

கர்ப்பப்பைக் கட்டியை எடுத்தாக வேண்டும். மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. ரத்த அளவு பத்துக்கு ஏறினால்தான் ஆபரேஷன் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்கோ ஏழு. அதனால்தான் ஒரு மாதமாகக் குமட்டக் குமட்ட அந்தச் சனியனை விழுங்கினாள். முதன்முதலில் கறுப்பாகப் போனபோது, செத்தோம் என்றே நினைத்தாள். கணவன்தான் மருந்துக்கடையில் விசாரித்து, அது மாத்திரையால்தான் என்று தேற்றினான்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஏழு புள்ளி ஒன்று.

"மாத்திரைய முழுங்குறீங்களா, தூக்கிப் போடுறீங்களா?" என்றாள் நர்ஸ்.

"ஒரு நாள்கூட விட்டதில்லம்மா, சத்தியமா."

"எதோட போடுறீங்க?"

"பத்து மணி டீயோட. கொமட்டல் தெரியாதுன்னு."

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "டீ அந்தச் சத்த உடம்புல சேர விடாதும்மா. சாப்பிட்டுட்டு தண்ணியில போடுங்க. டீய ரெண்டு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க. தண்ணி நெறைய குடிக்கிறீங்களா?"

குடித்தால் அட்டையை எடுக்க வேண்டுமே என்று பகலெல்லாம் நாக்கை நனைப்பதோடு சரி. அதை எப்படிச் சொல்வாள்? ஒரு மாதம் பட்ட பாடெல்லாம் பாழ். அந்த நாற்காலியிலேயே ஓவென்று அழுதாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு மாத்திரையை விழுங்கி, பாட்டில் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தாள். மூன்று மணிக்கு வயிறு புரண்டது. இப்போது விட்டால் இன்னும் எத்தனை நாளோ! மிஷினை நிறுத்தினாள். ஆணியில் அட்டை இல்லை. சூப்பர்வைசர் கூப்பிடக் கூப்பிட, கழுத்தில் கிடந்த அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டக் கையை ஓங்கினாள். உள்ளே யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதும், நடுவில் விம்முவதும் கேட்டது. நேற்று இதே கதவுக்குள் அவள் முனகிய அதே முனகல்தான்.

வயிறு இன்னொரு முறை முறுக்கியது. ஓங்கிய கை கதவுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.