தக்காளிக் காட்டு நரி

ராஜமேரி நனைத்த பஞ்சை உதட்டருகே கொண்டுபோனதும் மதலைமுத்துவின் தொண்டை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலோடு கட்டியிருந்த கைகள் முறுக்கின.

“தாகமா இருக்குது மேரி,” என்றார், மூச்சு திரும்பியதும்.

“குடுத்தா குடிக்க மாட்டேங்கறீங்களே.”

“கொண்டு போயிடு. கண்ணுல காட்டாத.”

ஆடியில் நல்லம்பள்ளிப் பக்கத்துக் கரட்டோரம் நரிகள் இருமி இருமிச் செத்துக்கிடந்தன. நாய்களிடமிருந்து தொற்றிய நுரையீரல் நோய், மனிதருக்கு ஒட்டாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் அவர்களுடைய தக்காளிக் காட்டு வலையில் ஒரு நரி சிக்கியது. அடித்துப்போட மனமில்லாமல் மதலைமுத்து வலையை அறுத்துவிட்டார். அது அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடியது.

“ஊசி போட்டுக்கலாங்களா?” என்று ராஜமேரி கேட்டபோது கொழுந்தன் விக்டர்தான் பதில் சொன்னான்.

“அது சளி புடிச்ச நரி அண்ணி. வெறி புடிச்சிருந்தா இந்நேரம் ஊரையே கடிச்சிருக்கும்.”

இப்போது ஐப்பசி. டாக்டர் ராஜமேரியையும் விக்டரையும் வெளியே அழைத்துச் சொன்னார். “நரிக்கு அந்தச் சளி நோயும் வெறிநோயும் பார்க்க ஒரே மாதிரிதாம்மா இருக்கும். கடிச்ச அன்னைக்கே வந்திருந்தா பொழச்சிருப்பாரு.”

விக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மதியம் பங்குச் சாமியார் வந்தார். தீர்த்தம் தெளிக்கக் கையை உயர்த்தியதுமே மதலைமுத்து அலறினார். சாமியார் செம்பை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு, கையுறை போட்ட விரலால் நெற்றியில் எண்ணெயை மட்டும் தடவினார்.

பொழுது சாய்வதற்குள் முடிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்றார்கள் ஊரார். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கல்லறைக்குப் போனது பெட்டி. மூடி திறக்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்த மகள் ஆக்சிலியா பலகைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

மண் தள்ளி முடிந்ததும் பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் மெதுவாக அருகில் வந்தாள்.

“அக்கா, போன வாரம் வரைக்கும் அண்ணன்தான பாலு கறந்தாரு?”

ராஜமேரி தலையசைத்தாள்.

“எங்க வூட்டுக் கொழந்த குடிச்சுது. அதான் கேட்டேன்.”

“காய்ச்சித்தான குடுத்த?”

சின்னம்மாள் மற்ற பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

வீட்டில் மாடு மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தது. ராஜமேரி துக்கப் புடவையோடு குந்திக் கறந்தாள். வாசலில் வழக்கமாகப் பால் வாங்கப் பாத்திரத்தோடு நிற்பவர்கள் யாருமில்லை. விக்டர் மட்டும் சொம்போடு வந்து நின்றான்.

“எனக்கு ஊத்துங்க அண்ணி. பச்சையாவே குடிக்கறேன்.”

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போய் எருக்குழியில் கவிழ்த்தாள். பால் மண்ணுக்குள் இறங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.