செல்லோவுக்கு வைத்திருந்த மரம்

1945 ஜனவரியில், சண்டை இன்னும் முடியாத குளிர்காலத்தில், இத்தாலியின் கிரெமோனா ஊருக்குள் விறகு என்று எதுவும் மிச்சமில்லை. பூங்காவிலிருந்த பெஞ்சுகள் கிறிஸ்துமஸுக்கு முன்பே காணாமல் போயிருந்தன. சினிமாக் கொட்டகையின் நாற்காலிகளை யார் கொண்டுபோனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதத்தில்தான் வயலின் செய்கிற எவாண்ட்ரோ ஸ்காட்ஸோலியின் மனைவி ஈனெஸுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். இதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இது தங்கியது, ஆனால் பொறுமையில்லாமல் வந்துவிட்டது. பெண் குழந்தை. மருத்துவச்சி செலெஸ்தா அதைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தாள். ஒரு கிலோ இருநூறு கிராம்.

"கோழிகூட இதைவிடக் கனமா இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே அதைப் பஞ்சில் சுற்றினாள். பிறகு எவாண்ட்ரோவைப் பார்த்தாள். "அறை சூடா இருக்கணும்ப்பா. பகல் ராத்திரின்னு இல்ல, எப்பவும். இந்தக் கணப்பு அணையவே கூடாது."

"எதைப் போட்டு எரிக்கிறது? ஊர்லயே விறகு இல்லையே."

"கீழ பட்டறை பூரா மரத்தை அடுக்கி வச்சுக்கிட்டு என்னைக் கேக்கிறியா?"

அவன் கீழே இறங்கிப் போனான்.

பட்டறையின் பின்சுவர் முழுக்க மரம்தான். எவாண்ட்ரோவின் அப்பா வாங்கி அடுக்கிய மரம். வயலினின் மேல்பலகைக்கு மலையிலிருந்து வந்த ஸ்ப்ரூஸ், அடிப்பலகைக்கும் கழுத்துக்கும் போஸ்னியாவிலிருந்து வரவழைத்த மேப்பிள். ஒவ்வொரு துண்டின் முனையிலும் அப்பாவின் கையெழுத்தில் பென்சிலால் வருஷம் குறித்திருக்கும். 1911, 1912, 1920. காற்றுப் பட்டுப் பட்டு முப்பது வருஷம் காய்ந்த மரம். விரல் முட்டியால் தட்டினால் வெண்கலப் பாத்திரம் போலக் கணீரென்று கேட்கும். ஈர மரம் அப்படிச் சொல்லாது, தட்டினால் தட்டிய சத்தம்தான் வரும்.

முதலில் அச்சுக்கட்டைகளை எடுத்தான். பிறகு ஓட்டை விழுந்ததும் முடிச்சு உள்ளதுமாகப் பார்த்து ஸ்ப்ரூஸை எடுத்தான். முதல் நான்கு நாள் அப்படித் தேர்ந்தெடுக்க முடிந்தது. அதற்கப்புறம் நல்லது கெட்டது பார்க்க நேரமில்லை.

ஈனெஸின் கட்டிலை சமையலறைக்கே கொண்டுவந்திருந்தார்கள். பட்டறை மேஜையின் இழுப்பறை ஒன்றை உருவி, ஆட்டுக்கம்பளி விரித்து, அதில் குழந்தையைப் படுக்கவைத்துக் கணப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்தான். லீதியா என்று பெயர். பாதிரியார் வந்து அவசரமாகத் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். அந்தத் தண்ணீரையும் சூடுபண்ணித்தான் கொடுத்தார்கள். ஈனெஸ் தன் பாலைப் பிழிந்து, துணித் திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விடுவாள். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் விடவே இல்லை, எழுந்து நின்றால் கால் தள்ளாடியது. ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

அவளுக்கு அந்த மரமெல்லாம் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து வார்னிஷ் காய்ச்சுவது, பூசுவது, வருஷத்துக்கு ஒருமுறை மரத்தைத் திருப்பி அடுக்குவது எல்லாம் அவள் வேலை. கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள்.

"படபடன்னு வெடிக்குது. ஸ்ப்ரூஸ்தானே?"

"ஆமா."

"பதினொண்ணாம் வருஷத்துதா?"

"பன்னெண்டு."

"ராஜகுமாரிதான் போ. மிலான்ல பெரிய பெரிய வித்வானெல்லாம் ஒரு வயலினுக்கு ரெண்டு வருஷம் காத்துக் கெடந்தாங்க. இவ வந்த அன்னைக்கே பத்து வயலினை முழுங்கிட்டா."

எவாண்ட்ரோ சிரித்தான். அந்த நாட்களில் அவன் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தான். மரம் குறையக் குறைய, இழுப்பறைக்குள் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கம் நீங்கிக்கொண்டு வந்தது. பத்தாம் நாள் அவன் சுண்டுவிரலைப் பிடித்தது. பிடி என்றுகூடச் சொல்ல முடியாது, ஈ வந்து உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. அவன் அரைமணி நேரம் கையை எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் கடைசி மேப்பிளும் தீர்ந்தது. "அவ்வளவுதான், சுவர் காலி," என்று ஈனெஸிடம் சொன்னான்.

அது பொய். பட்டறையில் கருவிப் பலகைக்குப் பின்னால், சுவரோடு சுவராக, சாக்கில் சுற்றி இரண்டு பலகைகள் நின்றன. காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலினான செல்லோவின் அடிப்பலகைக்கான மேப்பிள். ஒரே அடிமரத்தைப் புத்தகம் பிரிப்பது போல இரண்டாகப் பிளந்தது. தண்ணீரில் காற்று ஓடினால் விழுகிற வரிகள் போல, இரண்டு பலகையிலும் முனையிலிருந்து முனைவரை வரிகள் ஓடும். எவாண்ட்ரோ அதுவரை செல்லோ செய்ததில்லை. கை இன்னும் பழகட்டும், இன்னும் பழகட்டும் என்று பதினைந்து வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவன். இரண்டு தடவை அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி வரைக்கும் வந்து, திரும்பக் கொண்டுபோய் வைத்தான். அதையும் எரித்துவிட்டால் தான் யார் என்று தனக்கே தெரியாமல் போய்விடும் என்று பயந்தான்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம். முந்திய மூன்று நாளும் நாற்காலிகள், அலமாரிக் கதவு, கட்டிலின் தலைப்பக்கம் எல்லாம் எரிந்திருந்தன. ஊருக்கு வெளியே, ஆற்றுப் பாலத்துப் பக்கம், பிகோத்தி என்ற குடியானவனிடம் விறகு இருந்தது. அவன் மகன் கித்தார் வாசிப்பவன். எவாண்ட்ரோ எப்போதோ செய்த கித்தார் ஒன்று மாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கித்தாரைக் கொடுத்தால் ஒரு வண்டி விறகு தருவதாக பிகோத்தி ஆள்விட்டுச் சொல்லியிருந்தான். ஒரு வண்டி என்றால் பத்து நாளைக்கு வரும்.

"போறதுக்கு முன்னாடி கணப்பை நெரப்பிட்டுப் போ," என்றாள் ஈனெஸ். "என்னால எந்திரிக்க முடியல."

"ஒன்றரை மணி நேரத்துல வந்துடுவேன்."

"நீ ரொட்டி வாங்கப் போனாலே ரெண்டு மணி நேரம். வழியில எவனாவது பிடில் பத்திப் பேசிட்டா அங்கயே நின்னுடுவே."

மிச்சமிருந்த சிராய், துண்டு துணுக்கு எல்லாவற்றையும் கணப்பில் போட்டான். ஒரு மணி நேரம் தாங்கும். கொஞ்சம் கூடுதலாகக்கூடத் தாங்கலாம். கீழே வந்து கருவிப் பலகை முன்னால் நின்றான். சாக்கின் ஓரம் தெரிந்தது. பத்து நாளைக்கான விறகே வரப்போகிறது, ஒரு மணி நேரத்துக்காக இதை எதற்கு, என்று நினைத்தான். நியாயமான யோசனைதான். கித்தாரை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

பிகோத்தி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான். கைவண்டியில் விறகை ஏற்றிச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டினார்கள். திரும்பும்போது பாதி வழியில் விமானங்கள் வந்தன. பாலத்தைக் குறிவைத்து வந்தவை. எவாண்ட்ரோ வாய்க்காலுக்குள் குதித்துப் படுத்தான். விமானங்கள் போன பிறகு ஜெர்மன் சிப்பாய்கள் சாலையை மறித்துவிட்டார்கள். குழந்தை, குழந்தை என்று கையால் அளவு காட்டிக் கெஞ்சினான். ஒரு சிப்பாய் துப்பாக்கியை நீட்டி அவனை வாய்க்கால் பக்கமே திருப்பி அனுப்பினான். மூன்றரை மணி நேரம். வெளிச்சம் மங்குகிற நேரத்தில்தான் விட்டார்கள்.

ஒரு கட்டு விறகைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினான். கதவைத் திறந்ததும் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிராக இருந்தது. ஈனெஸ் கட்டிலில் இல்லை. தரையில், கணப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சட்டைக்குள், நெஞ்சோடு, குழந்தை. மேலே வீட்டிலிருந்த துணி எல்லாம். உடைத்த கரண்டிக் காம்புகளும் ஒரு செருப்பும் கணப்பு வாயில் பாதி கருகிக் கிடந்தன.

"விறகு வந்துடுச்சு," என்றான்.

"கத்தாத," என்றாள். பிறகு, "இனிமே வேண்டாம்," என்றாள்.

மறுநாள் காலை செலெஸ்தா வந்து குழந்தையைக் குளிப்பாட்டினாள். எவாண்ட்ரோ பட்டறையில் இறங்கிச் சாக்கைப் பிரித்தான். பெட்டி செய்ய ஊரில் தச்சனிடம் ஒரு பலகை இல்லை என்பது உண்மை. ஆனால் அவன் போய்க் கேட்கவும் இல்லை. அந்த மேப்பிளை அறுத்தான். இழைப்புளியை ஓட்டியபோது பட்டு போலச் சுருள் சுருளாக விழுந்தது. ஆணி அடிக்கவில்லை. வயலினுக்குச் செய்வது போலப் பசை காய்ச்சி, இணைப்பு வெளியே தெரியாமல் ஒட்டினான். ஒன்றரை முழ நீளம். இத்தனை வருஷம் கை பழகவில்லை என்று நினைத்தவனுக்கு அன்றைக்குக் கை எங்கேயும் தவறவில்லை. அதை மாடிக்குக் கொண்டுபோனால் ஈனெஸ் மரத்தை அடையாளம் கண்டுகொள்வாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் கொண்டுபோனான்.

அவள் பெட்டியின் மூடியைத் தடவினாள். உள்ளங்கை நடுவில் நின்றது. வரிகளோடு விரலை ஓட்டிக்கொண்டு ஓரம் வரைக்கும் போனாள்.

"இது செல்லோ மரம்."

அவன் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான்.

"எங்க இருந்துச்சு?"

"கீழ."

"நேத்து?"

"நேத்தும்."

செலெஸ்தா இருவரையும் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஈனெஸ் அழவில்லை, திட்டவில்லை. குழந்தையைத் தானே எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். கம்பளியைச் சுற்றிலும் செருகினாள். மூடியையும் அவளே வைத்தாள்.

ஏப்ரலில் சண்டை முடிந்தது. ஊர் மணிகளெல்லாம் அடித்தன. ஈனெஸ் அவனை விட்டுப் போய்விடுவாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் போகவில்லை. சமைத்தாள், துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டாள். பட்டறைக்கு மட்டும் இறங்கவில்லை. எவாண்ட்ரோ மரம் வாங்கினான், பழையபடி வயலின் செய்தான், வார்னிஷையும் தானே பூசக் கற்றுக்கொண்டான். அவன் வயலின்கள் அமெரிக்கா வரைக்கும் போயின. செல்லோ கேட்டு வந்தவர்களுக்கு மட்டும், எனக்குச் செய்யத் தெரியாது என்று சொல்லியனுப்பினான். அந்த மத்தியானத்தைப் பற்றி இருவரும் பதினொரு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை.

1956 இலையுதிர்காலத்தில் மாந்துவாவிலிருந்து ஒரு குழந்தை வைத்தியர் தன் வயலினில் தந்திகளைத் தாங்கி நிற்கிற சின்ன மரத்துண்டான குதிரையை மாற்றிக்கொள்ள வந்தார். கலகலப்பான மனிதர். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். எவாண்ட்ரோ, கத்தியால் குதிரையைச் செதுக்கிக்கொண்டே, யாருக்கோ நடந்தது போலக் கேட்டான். ஏழு மாசம். ஒரு கிலோ இருநூறு. வீட்டுப் பிரசவம், சண்டைக்காலக் குளிர்.

வைத்தியர் தலையை ஆட்டினார். "அந்தக் காலத்துல பொழைக்காதுங்க. அந்த நுரையீரலுக்கு மூச்சை இழுக்கவே தெம்பு பத்தாது. எத்தனை நாள் இருந்துச்சு? பத்தொம்பதா? அதுவே அதிசயம்."

"சூடு விடாம இருந்திருந்தா?"

"சூரியனையே கொண்டுவந்து அறைக்குள்ள வச்சிருந்தாலும் இன்னும் ரெண்டு நாள், மூணு நாள். அவ்வளவுதான்."

எவாண்ட்ரோ கத்தியைக் கீழே வைத்தான். "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினான். ஐம்பது வயதை நெருங்குகிற மனிதன், இரண்டிரண்டு படியாக ஏறினான்.

ஈனெஸ் மேஜையில் மாவைத் தேய்த்து, பூசணிப் பூரணம் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். அவன் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். நுரையீரல், பத்தொன்பது நாள், சூரியன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"செலெஸ்தா மொத நாளே சொல்லிட்டா. நீ கீழ இருந்தப்போ. இது தங்காதும்மா, மனசைத் தேத்திக்கோன்னு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் தடுத்தேன்."

"ஏன்?"

"நீ சந்தோஷமா இருந்தே."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அவ பொழைப்பான்னு நான் நெனைக்கவே இல்ல எவாண்ட்ரோ," என்றாள். "குளிராம சாகட்டும்னுதான் நெனைச்சேன். அது ஒண்ணுதான் நம்மால அவளுக்குச் செய்ய முடிஞ்சது. அன்னைக்கு எனக்கே உடம்பு நடுங்குது, என்கிட்ட அவளுக்குக் குடுக்கச் சூடு இல்ல. அவ காலு மொதல்ல சில்லிட்டுப் போச்சு. வாயில வச்சு ஊதினேன்." மாவு ஒட்டிய கையை ஏப்ரனில் துடைத்தாள். "எவ்வளவு நேரம்னு தெரியாது. கீழ மரம் இருந்துச்சுன்னு மட்டும் அப்ப எனக்குத் தெரியாம இருந்துச்சே, அது நல்லதுதான்."

அவன் கேட்டான். "அப்புறம் ஏன் போகல நீ?"

"எங்க போறது? அவ இந்த ஊர்லதானே இருக்கா."

சொல்லிவிட்டு அடுத்த மாவுருண்டையை எடுத்தாள். கீழே வைத்தியர் தொண்டையைச் செருமுவது கேட்டது. "போ, ஆள் காத்துக்கிட்டிருக்கார்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகவும் சொல்லவில்லை.

எவாண்ட்ரோ இறங்கி வந்தான். "வீட்ல யாருக்காவது நடந்ததா?" என்று வைத்தியர் தாழ்ந்த குரலில் கேட்டார். அவன் ஆமாம் என்று தலையசைத்தான்.

"நான் சொன்னது கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்."

"ஆமாங்க," என்றான் எவாண்ட்ரோ. குதிரையை எடுத்துத் தந்திகளுக்கு அடியில் நிறுத்தினான். சாய்ந்தது. மறுபடியும் நிறுத்தினான். மூன்றாவது முறைதான் நேராக நின்றது.