கூட வந்தவன்

ஹோட்டல் பணியாள் காலைச் சாப்பாட்டு மேசையில் மூன்றாவது தட்டை வைத்தபோது மப்ரூக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அரண்மனை வாசலில் இருந்தவளும் மூன்று சீட்டுகளை நீட்டினாள். மப்ரூக்காவின் கணவர் மோன்ஜி இரண்டு விரலைக் காட்டிச் சண்டை பிடித்தார். சீட்டுக்காரி அவர்களுடைய தோளுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என்னவோ முனகியபடி ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வெளியூர்க்காரன்னா தலையில மிளகா அரைச்சுடலாம்னு நினைப்பு," என்றார் மோன்ஜி.

இஸ்தான்புல்லுக்கு மகள் அவர்களை அனுப்பி வைத்தது ஊர் சுற்ற மட்டுமில்லை. கடலோர ஊரான ஜர்சிஸில் அவர்கள் வீட்டில் நாலு வருஷமாக ஒரே வழக்கு. கடைசிப் பிள்ளை வஜ்தி யாரிடமும் சொல்லாமல் இத்தாலிக்குப் படகேறினான், போனவன் போனவன்தான். உடல் கிடைக்காதவர்களுக்குத் தொழுகிற காயிப் தொழுகையை நடத்திவிடலாம் என்பார் மோன்ஜி. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எவனாவது தொழுவானா என்று அவள் எரிந்து விழுவாள். ஊர் திரும்புவதற்குள் முடிவு சொல்வதாக மகளிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். நாளைக்கு விமானம்.

சந்தையில் மிட்டாய்க்காரர் ருசி பார்க்க மூன்று துண்டு கொடுத்தார். மூன்றாவதை மப்ரூக்கா கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அவளுக்கு நடை துள்ளியது.

"அவன் இந்த ஊர்லதான் இருக்கான். நம்ம பின்னாலயே வர்றான். கோவிச்சுக்குவீங்கன்னுதான் முன்னால வர மாட்டேங்கிறான்."

"பைத்தியம் மாதிரி பேசாத, மப்ரூக்கா."

சொன்னாரே ஒழிய, அதற்கப்புறம் அவர் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிவாசலைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், எல்லாவற்றையும் முன்பக்கமாகவே பார்த்தார்.

சாயங்காலம் நீரிணையில் படகுச் சவாரி. "கடலைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அலுத்துக்கொண்டே ஏறினார். இருவரும் நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஏன் அப்படி உட்கார்ந்தோம் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. தேநீர் விற்கிற ஆள் சிரியாக்காரர், அரபி பேசினார். மூன்று கண்ணாடிக் கோப்பைகளை இறக்கி வைத்தார்.

"மூணு எதுக்குப்பா?" என்றார் மோன்ஜி.

"உங்க மகனுக்கும் சேத்துத்தான், ஹாஜியாரே."

மப்ரூக்கா அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பாத்தியா? எப்படி இருக்கான்? இளைச்சிட்டானா?"

"நல்லா வாட்டசாட்டமாத்தான் இருக்காரு, ஹாஜியம்மா. ஆனா தலையிலேர்ந்து கால் வரைக்கும் தொப்பலா நனைஞ்சிருக்காரே. மழையே இல்லையே தம்பி, எப்படி நனைஞ்சேன்னு கேட்டேன். வாயே தொறக்கல. பல்லு மட்டும் கிடுகிடுன்னு அடிச்சுக்குது. சூடா இதைக் குடிக்கச் சொல்லுங்க."

அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. நாலு வருஷம் யார் சொல்லியும் கேட்காத மப்ரூக்காவின் மனசு ஒரு நொடியில் விட்டுப்போனது. அழுகை மட்டும் வரவில்லை.

"தொழுதிடலாங்க," என்றாள். "ஊருக்குப் போனதும் தொழுதிடலாம்."

இந்த ஒரு வார்த்தைக்காக நாலு வருஷம் காத்திருந்தவர் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றினார். இருவருக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் அதைப் போர்த்தி, ஓரங்களை உள்ளே செருகினார்.

"கொஞ்சம் நெருங்கி உக்காரு," என்றார். "அந்தப் பக்கம் காத்து வருது."

அவள் நெருங்கி உட்கார்ந்தாள். கோட்டின் கீழ் விளிம்பு ஈரத்தில் மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது.