உப்புக் கோட்டைக் காவல்காரன்

"நேத்து என் குரலைக் கேட்டதும் கோட்டையே எழுந்து நின்னு வழிவிட்டுச்சு மாப்ளே! கோபுரத்து மேல ஆடிட்டிருந்த கொடிகூட மரியாதைக்கு ஆடாம நின்னுச்சு!"

சொன்னவர் டமாரம். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அறிவித்துவிட்டால் ரத்தான வண்டிகூட வெட்கப்பட்டு வந்து நிற்கும். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி, முன்னாள் தணிக்கை அலுவலர். மழை பெய்கிறது என்றாலும் ஆதாரம் கேட்கிறவர் என்பதால் குடும்பத்தில் அவர் பெயர் ரசீது.

"சேமிச்சு வச்சீங்களா அத்தான்?"

"அதுக்குள்ள திரை உறைஞ்சு போச்சுப்பா."

"அப்ப நடக்கலை."

விஷயம் இதுதான். இருவருக்கும் தலை கறுப்பாக இருந்த காலத்தில் 'உப்புக் கோட்டை' என்று ஒரு கணினி விளையாட்டு வந்தது. நாயகன் தீவு தீவாக அலைந்து கோட்டை வாசலுக்கு வருவான். கதவு சாத்தியிருக்கும். அதோடு முற்றும்! அன்றைக்கு வயிறெரிந்தவர்கள் எல்லாம் இப்போது ஒன்றுகூடி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இரண்டாம் பாகத்தைச் செய்ய வைத்திருக்கிறார்கள். அத்தானும் மச்சினனும் கூட்டாக ஒரு பங்கு. ஒரு பங்குக்கு, விளையாட்டின் முடிவில் ஒரு பெயர்தான் ஓடும். வெள்ளோட்டப் பதிப்பில் யார் முதலில் கோட்டைக்குள் நுழைகிறாரோ அவர் பெயர் என்று ஒப்பந்தம். பெயரை அனுப்ப இன்றுதான் கடைசி நாள்.

டமாரம் கணினியைத் திறந்தார். பழைய விளையாட்டில் நாயகன் திரையில் வெறும் நாலு கட்டம். இந்தப் புது நாயகனுக்கு மூக்குமுடியைக்கூட எண்ணலாம். கடல் மேல் ஓர் ஆடு நடந்து போயிற்று.

"தெய்வீக ஆடு!" என்றார் டமாரம்.

"நிரல் பிழை," என்றார் ரசீது.

முன்பெல்லாம் கட்டளையைத் தட்டச்சு செய்யவேண்டும். இப்போது மைக்கில் தமிழில் பேசினாலே போதும். டமாரம் கோட்டை வாசலில் நின்ற காவல்காரனை அதட்டினார், கொஞ்சினார், நடைமேடை மாற்றத்தைக்கூட அறிவித்துப் பார்த்தார்.

"உமக்கு இங்கே வேலையில்லை," என்றான் அவன், எல்லாவற்றுக்கும்.

"நேத்து என்னதான் சொன்னீங்க?"

"என்னென்னமோ சொன்னேன். உங்கக்கா சாப்பிடக் கூப்பிட்டா, எழுந்து திரும்பினேன். முதுகுக்குப் பின்னால கிறீச்சுன்னு கதவு திறந்துச்சு. திரும்பிப் பார்க்கறதுக்குள்ள திரை உறைஞ்சிருச்சு."

"காதுல விழுந்ததெல்லாம் சாட்சியா?"

டமாரம் மைக்கை அணைக்காமலே மேசை மேல் வைத்தார். இதுவரை எத்தனையோ அளந்திருக்கிறார். எவரும் நம்பவில்லை, அவரும் கவலைப்பட்டதில்லை. இந்த ஒன்று உண்மை. அதை எப்படிச் சொல்லி நம்பவைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை, பழக்கமில்லாத வேலை.

ரசீது எழுந்தார். "நீங்களும் நுழையலை, நானும் நுழையலை. பேர் வேண்டாம்னு எழுதிடறேன். ஒப்பந்தம்னா ஒப்பந்தம்."

அடுக்களையிலிருந்து அக்கா குரல் வந்தது. "கிளம்பிட்டியாடா?"

"ஆமாக்கா. வரேன்!"

மேசை மேல் மைக் திறந்தே கிடந்தது.

"வருகிறீரா? வாரும்," என்றான் காவல்காரன். கிறீச்சென்று கதவு திறந்தது.

செருப்பில் பாதி நுழைத்த காலோடு ரசீது நின்றார். "போறேன்னுதானே சொன்னேன்!"

"எங்கே சொன்னே? வரேன்னே! நம்மள்ல எவன் போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்? பாவம், அவன் அதை நம்பிட்டான்!" டமாரம் தொடையில் தட்டிச் சிரித்தவர், பாதியில் நின்றார். "அடடே, நேத்து நானும் அவன்கிட்ட 'சாப்பிட்டு வரேன்பா'ன்னேன்... ஒருத்தர்கிட்ட சொல்லாம எழுந்திருக்க முடியுதா?"

பிறகு குரல் இறங்கிற்று. "ஆனா சாட்சியோட திறந்தது நீதான் மாப்ளே. உன் பேரையே போடு."

ரசீது செருப்பை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒற்றை விரலால் பெயரை அடித்தார். டமாரம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். திரையில் 'டமாரம்' என்று இருந்தது.

"கொடி நின்னது புளுகு," என்றார் ரசீது, திரும்பாமலே. "கதவு திறந்தது நிஜம் அத்தான். நேத்தே திறந்திருக்கு."