புதுச்சத்திரத்தில் நிற்காத பஸ்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மத்தியான டிரிப்புக்கு இன்ஜினைக் கிளப்பிவைத்திருந்த சுப்பராயலு, கூட்டத்தில் தன் பெண்டாட்டி வருவதைப் பார்த்ததும் வண்டியிலிருந்து குதித்து இறங்கினான். சௌந்தரத்தின் இடுப்பில் எஸ்தர். போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போகும்போது தலை நிற்காமல் அம்மா தோளில் துவண்டு கிடந்த பிள்ளை, இப்போது முறுக்கைக் கடித்துக்கொண்டு "அப்பா பஸ்ஸு" என்று ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றான். கண் கலங்கிவிட்டது, சும்மா சொல்லக்கூடாது. பிள்ளையை வாங்கி, அடியில் கை கொடுத்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பெண்கள் சீட்டில் உட்காரவைக்கப் போனான். எஸ்தர் வீலென்று அலறினாள். அவன் உள்ளங்கையில் கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி போட்ட இடத்தில் வருமே, அந்தக் கட்டி. சௌந்தரம் பிள்ளையைப் பிடுங்கி மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, பாவாடையைக் கீழே இழுத்துவிட்டாள்.

ஊசிக் கட்டிக்கு ஒருத்தன் இப்படி வெளிறிப்போவானா என்று கேட்கலாம். அவன் போகிற சபையைத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். கடலூர் முதுநகரில் தென்னங்கீற்றுக் கொட்டகையில் கூடுகிற சின்ன சபை அது. அங்கே ஞானஸ்நானம் எடுத்தவர்கள் மருந்து தொடுவதில்லை. தலைவலித் தைலம்கூடக் கிடையாது. படைத்தவனுக்குத் தெரியாத வைத்தியமா? பாஸ்டர் ஐயாவும் ஊருக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று வைத்திருந்தவர் இல்லை. சொந்தப் பெண்டாட்டியையே அப்படித்தான் பறிகொடுத்தார். சுப்பராயலு ஒரு காலத்தில் கள்ளச் சாராயத்தை ஊற்றிக்கொண்டு வண்டியெடுத்தவன். அந்தக் கொட்டகையில் முழங்கால் போட்ட நாளோடு அந்த நாற்றமே அவனுக்கு ஆகாமல் போனது. அப்பேர்ப்பட்ட ஆண்டவரை நம்பாமல் வேறு யாரை நம்புவான்? கெடிலம் ஆற்றில் முழுக்கி எடுத்து அவனுக்கு சாலமோன் என்று பேர் வைத்தார்கள். பஸ்ஸில் மட்டும் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கண்டக்டர் கொளஞ்சியப்பன் வாய் வேறு சும்மா இருக்காது. "ஏன் மாமா, மருந்து வேணாம், சரி. பிரேக்கயாச்சும் நீ புடிப்பியா, இல்ல அதயும் அவரு கையிலியே வுட்டுட்டியா?" சுப்பராயலு சிரித்துக்கொள்வான்.

சாமுவேல் செத்தபிறகு கொளஞ்சியப்பன் அந்தக் கேலியை விட்டுவிட்டான்.

எஸ்தருக்கு மூத்தவன் சாமுவேல். இரண்டு வருஷம் முன்னால், ஐப்பசி அடைமழையில், அவனுக்கு மார்ச்சளி கட்டியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய்ப்போய் வந்தது. தொண்டையில் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். சபையார் சுற்றி உட்கார்ந்து ஜெபித்தார்கள். சௌந்தரம் புருஷன் காலைப் பிடித்தாள். "ஒரு தரம், ஒரே ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவலாங்க." அவனுக்கு மட்டும் ஆசையில்லையா? பெற்ற வயிறுதான் எரியும், வளர்த்த நெஞ்சு எரியாதா? தெருமுனையில் குதிரைவண்டி நின்றுகொண்டிருந்தது. எழுந்து போகத் துடித்த காலை மடக்கி, அதன்மேல் பிள்ளையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அவரு கையில வுட்டாச்சு சௌந்தரம். வுட்டத திருப்பிப் புடுங்கக் கூடாது" என்றான். அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சத்தம் நின்றது. சிதம்பரத்திலிருந்து வந்த சௌந்தரத்தின் அண்ணன் சபாபதி, குழியில் மண்ணைத் தள்ளிவிட்டு இவன் பக்கம் திரும்பினான். "ஒரு ஊசி மச்சான்" என்றான்.  சுப்பராயலுவோ, விட்டுக்கொடுத்தோம், அவர் எடுத்துக்கொண்டார் என்கிற ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த இரண்டு வருஷமும் சோறு தின்றான், வண்டி ஓட்டினான், உயிரோடு இருந்தான்.

இப்போது வெள்ளாற்றுப் பாலம் தாண்டி வண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது. பின்னால் எஸ்தர் முறுக்குக்கு அழுதாள். சௌந்தரம் ஏமாற்றிவிட்டாளே என்று அவனுக்குக் கோபம் பொங்கியது. ஆண்டவர் சுகம் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமையே சாட்சி சொல்வதாகப் பாஸ்டர் ஐயாவிடம் வேறு வாக்குக் கொடுத்திருந்தான்.

புதுச்சத்திரத்தில் மீன் கூடையோடு ஏறிய மாரியம்மாள் ஏறும்போதே சண்டையோடு ஏறினாள். "ஏன்யா டிரைவரு, போன வாரம் நான் கையக் காட்டிகினே நிக்கிறன், நீ பாட்டுக்குப் போறியே, கண்ணு தெரில?"

"அத ஏன் கேக்குற" என்றான் கொளஞ்சியப்பன், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே. "எறங்குற ஆளு நாலு பேரு. நான் விசிலு மேல விசிலு குடுக்கறன், மாமா காதுலியே வாங்கல. முட்லூர் வரைக்கும் ஆக்ஸிலேட்டர அழுத்துன அழுத்து இருக்குதே, மாட்டு வண்டிக்காரன்லாம் வயல்ல எறங்கிட்டான். நாலு பேரும் என் குடுமியப் புடிக்காத கொற. அன்னிக்கி அக்காவும் பாப்பாவும் வண்டியில இருந்தாங்க இல்ல?"

அன்றைக்குச் சௌந்தரம், "அண்ணன் ஊட்டுக்குப் போறேன்" என்று ஏறி இதே சீட்டில்தான் உட்கார்ந்தாள். எஸ்தரின் தொண்டையிலிருந்து அந்தப் பூனைச் சத்தம் அவன் பிடரியிலேயே கேட்டுக்கொண்டு வந்தது. விசில் கேட்கவில்லை. இப்போது யோசித்தால், கேட்டிருந்தது. சுப்பராயலுவுக்கு ஸ்டீரிங்கில் கை வழுக்கியது. கியரை மாற்றினான், அது கர்ரென்று கத்தியது. "பாத்து மாமா" என்றான் கொளஞ்சியப்பன்.

வீட்டுக்கு வந்தபிறகும் உள்ளே நுழையாமல் வாசற்படியிலேயே நின்றான். சௌந்தரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஊசி போட்டியா?"

"போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

அவள் தலையைத் தூக்கவில்லை. "நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா? மூச்சு இழுத்துகினு கெடக்குற புள்ளயத் தூக்கிகினு யாராச்சும் அண்ணன் ஊட்டுக்கு விருந்துக்குப் போவாங்களா? எதுக்குப் போறேன்னு ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டினீங்க."

அவன் ஒரு அடி உள்ளே வந்தான்.

"நானும் அவரு கையிலதான் வுட்டேன்" என்றாள், கழுநீரைக் கீழே கொட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு. "ஊசி போடறப்ப, ஆஸ்பத்திரி பெஞ்சுல குந்திகினு அவரத்தான் கூப்ட்டேன். அவரு அங்கியும் வந்தாரு. அன்னிக்கும் வந்திருப்பாரு. நாமதான் போவல." அப்புறம் அழுதாள். அவள் முதுகில் கை வைக்கப் போனவன், வைக்காமல் தள்ளியே நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். பெண்கள் பக்கத்துக் கோரைப்பாயில் சௌந்தரம் முக்காட்டைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒருக்களித்துக் கிடந்த எஸ்தர் கஞ்சிரா சத்தத்துக்குக் கை தட்டியது. பாட்டு ஓய்ந்ததும் பாஸ்டர் ஐயா எழுந்தார். குரல் தழுதழுத்தது, பாவம். சாமுவேலைத் தன் பேரன் மாதிரி வைத்திருந்தவர். "சாலமோன் பிரதர் சாட்சி சொல்லுவாரு. ஒரு புள்ளயக் குடுத்தும் பின்வாங்காதவரு. இன்னிக்கி ஆண்டவரு இன்னொரு புள்ளயத் திருப்பிக் குடுத்திருக்காரு. அல்லேலூயா."

"அல்லேலூயா" என்றது கொட்டகை.

சுப்பராயலு எழுந்து நின்றான். பொய் சொன்னால் ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. சபை நிற்கும், குடும்பம் நிற்கும், சாமுவேலும் ஆண்டவர் எடுத்துக்கொண்ட பிள்ளையாகவே இருப்பான். ஊசி என்று ஒரு வார்த்தை வந்தால் போயிற்று. எஸ்தரைக் காப்பாற்ற ஓடிய கால், சாமுவேலுக்கு மட்டும் ஏனடா ஓடவில்லை என்று ஊரில் ஒருத்தனும் கேட்க வேண்டாம், அவனே கேட்டுக்கொள்வான், சாகிற மட்டும்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றான்.

"ஸ்தோத்திரம்."

"எம் பொண்ணு எஸ்தருக்கு மார்ச்சளி கட்டிச்சி. நான்... வண்டியில..."  பாஸ்டர் ஐயா அன்பாகத் தலையாட்டினார். சௌந்தரம் முக்காட்டை விலக்கி அவனை நேராகப் பார்த்தாள்.

"சாமுவேலு" என்றான் சுப்பராயலு.

அவர்கள் காத்திருந்தார்கள். யாரோ மெதுவாக, "சொல்லுங்க பிரதர்" என்றார்கள். அவன் வலது கால் மட்டும், அன்றைக்கு வண்டியில் அழுத்திய மாதிரி, பாயை அழுத்திக்கொண்டிருந்தது, கட்டை விரல் வெளுத்துப்போகிற அளவுக்கு. பாயில் ஒரு கோரை பட்டென்று அறுந்தது. அதற்கப்புறமும் அழுத்திக்கொண்டே இருந்தான்.