பஸ் ஏறி வீட்டுக்கு வந்த பார்சர்

உலகத்தில் புரோகிராம் எழுதியவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். எழுதிய புரோகிராம் எட்டு மாடி இறங்கி, பஸ் பிடித்து, எழுதினவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது பொறுமை என்று ஆபீசில் பெயர் வாங்கிய அந்த ஒருவருக்கு மட்டும்தான். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. வந்து சேர்ந்தது ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டே கால். பஸ்ஸில் அதற்கு உட்கார இடம் கிடைத்ததா என்பதில் மட்டும் இருவேறு கருத்து உண்டு.

பொறுமை வேலை பார்த்த கம்பெனி எடிட்டர் என்ற புரோகிராம் ஒன்றைத் தயாரித்தது. எங்கெங்கோ இருக்கிற கம்ப்யூட்டர்களிலிருந்து தகவல் துண்டு துண்டாக வந்து விழ, எடிட்டர் அதை வர வரப் பிரித்து அடுக்கித் திரையில் காட்ட வேண்டும். பிரிக்கிற வேலை பார்சருடையது. பழைய பார்சர் மகா கெட்டிக்காரன். புதுத் துண்டு ஒன்று வந்தால் போதும், முதல் எழுத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படிக்கும். பத்தாயிரமாவது துண்டு வந்தாலும் தலைப்பிலிருந்துதான் ஆரம்பம். கம்ப்யூட்டர் விசிறி இரைகிற இரைச்சலில், புயல் வருகிறதென்று எதிர்க் கட்டடத்தில் ஜன்னல் சாத்தியிருக்கிறார்கள். பாதி வரியைப் பார்த்துவிட்டால் மீதியைத் தானே ஊகித்து முடித்துவைக்கும் புத்திசாலித்தனம் வேறு. இப்படிப்பட்ட ரத்தினம் ஒன்று போதாதென்று, அதே எடிட்டரில் ஐந்து இடத்தில் ஐந்து பிரதி போட்டு வைத்திருந்தார்கள். ஒன்றில் திருத்தினால் மற்ற நான்கும் கோபித்துக்கொள்ளும்.

பொறுமை உட்கார்ந்து புதிதாக ஒன்றை வடிவமைத்தார். விட்ட இடத்தை ஞாபகம் வை, அங்கிருந்தே தொடர். பாதியாக வந்ததைத் தூக்கி எறியாதே, ஊகித்தும் முடிக்காதே. மீதி வரும்வரை பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நில். இவ்வளவுதான் விஷயம். மேனேஜர் எட்டிப் பார்த்து, "இத எங்க வேணும்னாலும் போட்டுக்கிற மாதிரி பண்ணிடுங்க சார்" என்றார். மேனேஜர்கள் அப்படிச் சொல்வது மூச்சு விடுவது மாதிரி. யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பொறுமை போட்டுக்கொண்டார். தகவல் எங்கிருந்து வரும் என்று குறிக்க வேண்டிய இடத்தை, முப்பத்து நான்கு வருட அனுபவத்தோடு, எங்கிருந்து வந்தாலும் சரி என்று காலியாக விட்டார்.

விளைவு அடுத்த திங்கட்கிழமையே தெரிந்தது. வாராந்தரக் கூட்டத்தைக் கம்பெனி பிறந்த கதையிலிருந்து தொடங்கும் மேனேஜர், அன்று எழுந்து நின்று, போன வாரம் மணி அடித்தபோது நின்றுபோன வாக்கியத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்தார். நான்கே நிமிஷத்தில் கூட்டம் முடிந்தது. மிச்சமிருந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரும் திகைத்தார்கள். இரண்டு பேர், வேறு வழியில்லாமல், வேலை செய்தார்கள். அந்த வாரப் புதன்கிழமைதான் பார்சர் பஸ் ஏறியது.

வீட்டில் பொறுமையின் மனைவி, ஊருக்கே கார் ஓட்டச் சொல்லித்தருகிறவர். எந்தச் சண்டையையும் அவர் கல்யாணத்தன்று பொறுமை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டதிலிருந்துதான் தொடங்குவார். முப்பத்தோரு வருடத்தைக் கடந்து இன்றைய விஷயத்துக்கு வருவதற்குள் பொறுமை ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார். அன்று மாலை மனைவி வாயைத் திறந்ததும் வந்தது இது மட்டும்தான்: "அதனாலதான் சொல்றேன், ஈரக் குடைய மாடிப்படியில வைக்காதீங்க." சண்டை முடிந்துவிட்டது. அந்த அம்மாளுக்கே ஏமாற்றம். "என்னங்க, இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு பாதி வாக்கியம் தொங்கியது. பழைய நாய்ச்சங்கிலி மாட்டியிருந்த ஆணியிலிருந்து எதிர்ச் சுவர் வரை, ஆள் நெற்றி உயரத்தில், புகை நிறத்தில், இப்படி: "இனிமே உன் வீட்டு வாசல்ல நான்". அவ்வளவே. பதினோரு வருடத்துக்கு முன் அந்த அம்மாளின் அண்ணன் இதே வாசலில் நின்று கோபமாகச் சொல்ல ஆரம்பித்தது. அத்தோடு தங்கை கதவைச் சாத்திவிட்டார். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. பேப்பர் போடுகிறவர் குனிந்து போனார். மனைவி முதலில் துடைப்பத்தால் தட்டிப் பார்த்தார், பிறகு ஈரத் துண்டைக் காயப்போட்டார். நன்றாகவே காய்ந்தது. "மீதி எனக்குத் தெரியாதா? 'காலே வைக்க மாட்டேன்', அதானே?" என்று அவர் சொன்னதும் அந்த மூன்று வார்த்தையும் வாக்கியத்தின் நுனியில் போய் ஒட்டப் பார்த்து, பொத்தென்று தரையில் விழுந்தன. மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் பெருக்கி அள்ளினார். நான்காவது தடவை சொல்லவில்லை. முறத்தைப் பிடித்தபடி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப அண்ணன் என்னதாங்க சொல்ல வந்துச்சு?" என்றார். பதினோரு வருடத்தில் அண்ணனைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அந்த அண்ணன் வேறு யாருமில்லை, பொறுமைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து புரோகிராமில் பிழை தேடும் டெஸ்டர்தான். நம்பாமல் இருப்பதற்கே மாதச் சம்பளம் வாங்குகிறவர். பதினோரு வருடமாக மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வது, பிழையைக் கம்ப்யூட்டரில் பதிகிற புகார்ச் சீட்டான டிக்கெட் வழியாக மட்டும். பொறுமை வாசலில் நடப்பதை டிக்கெட்டாகப் போட்டார். மச்சான் எழுதினார்: "என் மேஜையில் நிகழவில்லை. மூடப்பட்டது." பொறுமை திறந்தார்; மச்சான் மூடினார். பதினேழு தடவை. பதினெட்டாவது தடவை பொறுமை கம்பெனி விதி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து ஒட்டினார்: பிழை நிகழும் இடத்துக்கே டெஸ்டர் போய்ப் பார்க்க வேண்டும், அதுவரை எடிட்டர் வெளியாகாது. தங்கச்சி வீட்டுக்குப் போவதென்றால் மச்சான் செத்தாலும் போக மாட்டார். விதிக்குக் கட்டுப்படுவதென்றால் அது வேறு.

சனிக்கிழமை நாலு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். தங்கை கதவைத் திறந்தார். தலை பாதி நரைத்திருந்தது. அண்ணன் அதை நோட்டில் குறிக்கவில்லை.

"வாங்க டெஸ்டர் சார்."

"இது... நான் சொன்னதா?"

"பின்ன, நானா சொன்னேன்? என் வாசல்ல நானே வர மாட்டேன்னு?"

"வர மாட்டேன்னு எங்க இருக்கு இதுல?" மச்சான் குடை நுனியால் வாக்கியத்தைக் குத்திப் பார்த்தார். அது கம்பி மாதிரி அதிர்ந்தது, அவருடைய அன்றைய குரலிலேயே.

"அப்ப மீதியச் சொல்லுங்க. உங்ககிட்டதானே இருக்கு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "...செருப்ப விட மாட்டேன். உன் நாய் புது ஜோடி ஒண்ணத் தின்னுடுச்சு."

நுனியோடு நுனி டக்கென்று பொருந்தியது. முழு வாக்கியமாகி, காயப்போட்டிருந்த துண்டோடு சேர்ந்து கீழே விழுந்து, இருந்த இடம் தெரியாமல் போனது.

"இதுக்கா பதினோரு வருஷம்? அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"முழுசாக் கேக்காமக் கதவச் சாத்தினது யாரு? கேக்காதவகிட்ட நான் ஏன் சொல்லணும்?" சங்கிலியைப் பார்த்தார். "எங்க அவன்?"

"செத்து எட்டு வருஷம் ஆச்சுண்ணே."

அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றி, வாசலிலேயே, ஆணிக்கு நேர் கீழே விட்டார்.

திங்கட்கிழமை எடிட்டர் வெளியானது. துண்டு காயப்போட வசதியாக இன்னொரு பேச்சைப் பாதியில் நிறுத்தி வைக்கும்படி மனைவி பொறுமையை நச்சரித்துக்கொண்டிருந்தார். அன்று டிக்கெட்டைத் திறந்து பார்த்த பொறுமைக்கு மச்சானின் கடைசிக் குறிப்பு கிடைத்தது: "நேரில் சோதித்தேன். நிகழ்ந்தது உண்மை. டிக்கெட்டை மூட வேண்டாம். சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு மறுசோதனை தேவை."