தப்பு வந்து விழுந்த வீடுகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் வருடம் வைகாசியில், வெண்ணந்தூருக்குத் தெற்கே செங்காட்டுப்புதூர் நடுநிலைப்பள்ளி மைதானத்தில் போட்ட ஆழ்துளைப் போரில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று வந்தது. இலவசமாகப் போட்டுக் கொடுத்தவர் ரிக் வண்டி முதலாளி சென்னியப்பன். ஆந்திராவில் பாறையைக் குடைந்து ஊர் ஊராகத் தண்ணீர் காட்டியவருக்குச் சொந்த ஊரில் இப்படி ஆனதும் முகம் சுண்டிவிட்டது. சற்றுத் தள்ளி இன்னொரு குழி போட்டார். அதிலும் காற்றுதான், கொஞ்சம் சூடாக. அதை மண்ணைப் போட்டு மூடிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வண்டியை அனந்தப்பூருக்கு விட்டார். முதல் குழியில் காற்று நிற்கவே இல்லை. பெண்கள் கம்பும் சோளமும் கொண்டுவந்து அதன்மேல் காட்டித் தூற்றிக்கொண்டார்கள், வெள்ளாடுகள் வெயில் நேரத்தில் அதைச் சுற்றிப் படுத்தன. ஒரு மாதத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது.

பழகாதவர் ஜானகியம்மாள் ஒருவர்தான். சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, அந்த வருடம்தான் அறிவியல் டீச்சராக அங்கே வேலைக்கு வந்தவர். பள்ளியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. காற்றுக் குழியை ஒட்டியே அறுபதடிக் கிணறு ஒன்று இருந்தது. பெரியவர்கள் இறைத்தால் தண்ணீர் வரும், ஆனால் பெரியவர்களுக்குக் காட்டுவேலை, தறிவேலை. பத்து வயதுப் பிள்ளை அந்தக் கயிற்றை இழுத்தால் கயிறுதான் பிள்ளையை இழுக்கும். ஆகவே கணக்குப் பாடம் நடக்கும்போது பெண்பிள்ளைகள் குடத்தோடு ஒரு மைல் நடந்தார்கள். பள்ளி ஆய்வாளர் வந்து பார்த்து, தை மாதத்துக்குள் தண்ணீர் வசதி இல்லையென்றால் பள்ளியை மூடி வெண்ணந்தூரோடு சேர்த்துவிடுவோம் என்று சொல்லிப் போனார். பையன்கள் வெண்ணந்தூருக்கு நடப்பார்கள், பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று வீடுகளில் முடிவாகிவிட்டது. ஆறாம் வகுப்புக் கண்ணாத்தாளின் அம்மா ராமாயி, மகள் வீட்டிலேயே இருந்து தறிக்கு நூல்தார் சுற்றட்டும் என்று ராட்டையே வாங்கி வைத்துவிட்டாள். ஜானகியம்மாளும் சிறுவயதில் இரண்டு வருடம் பள்ளியை விட்டுத் தார் சுற்றியவர். அந்த ராட்டையைப் பார்த்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பிள்ளைகளைக் குழியைச் சுற்றி உட்காரவைத்து, இந்தக் காற்றை வைத்து அந்தத் தண்ணீரை எப்படி மேலே ஏற்றுவது என்று கேட்டார். தனக்கும் விடை தெரியாது என்பதையும் கூடவே சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் முதலில் பனையோலையில் இறக்கைகள் கட்டி, ஒரு சக்கரம் செய்து, குழிக்கு நேர் மேலே நிறுத்தினார்கள். சக்கரம் அசையாமல் நின்றது. பிறகு காற்று அதை ஒருமுறை முகர்ந்து பார்ப்பதுபோல் நடுங்கவைத்து, ஒரே ஒரு இறக்கையை மட்டும் பிடுங்கி, வேப்பமரத்துக்கு மேலே தூக்கி, ஊரைத் தாண்டிக் கொண்டுபோய், கண்ணாத்தாள் வீட்டு வாசலில் ராமாயி காயப்போட்டிருந்த மிளகாய் மேல் போட்டது. அந்த இறக்கையைக் கட்டியவள் கண்ணாத்தாள். எடுத்துப் பார்த்தால் ஒரு முனை கனமாக இருந்தது. மறுநாள் சக்கரத்தைத் தாங்கிய முட்டுக்கோல் பறந்துபோய், அதை நட்ட பையன் கைலாசத்தின் வீட்டுத் தறிக்குழியில் விழுந்தது. கைலாசம் அதைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை யோசித்தான். நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் காற்று ஒரே அளவாகத் தள்ளும், சக்கரம் எப்படிச் சுற்றும்? ஓரமாக நகர்த்தி வைத்தார்கள். சக்கரம் சுற்றிய வேகத்தில் ஆடுகள் எழுந்து ஓடின, ஜானகியம்மாள் தன்னை மறந்து கைதட்டினார்.

அதிலிருந்து காற்றின் குணம் ஊருக்கே விளங்கிவிட்டது. தப்பாகச் செய்த உறுப்பு எதுவோ அதை மட்டும் கழற்றும், செய்தவர் வீட்டில் கொண்டுபோய்ப் போடும். ஆரம்பத்தில் வீட்டுக்காரர்களுக்கு மானக்கேடாக இருந்தது. கைலாசத்தின் பாட்டன் கூரைமேல் தகரம் விழுந்ததற்காகப் பேரனை அடிக்கவே கிளம்பினார். ஆனால் ஆடி போய் ஆவணி வருவதற்குள் பிள்ளைகளுக்கு வெட்கம் போய் ஆசை வந்துவிட்டது. பள்ளி விட்டதும் அவரவர் வாசலில் அண்ணாந்து நின்றார்கள். தறி நெய்கிறவர்களும் ஓடுகிற நாடாவை நிறுத்திவிட்டு, இன்னைக்கு யாரூட்டுக்கு என்று விசாரித்தார்கள். சைக்கிள் ரிம், லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்கு, பால்மாவு டப்பாக்கள் என்று எது கிடைத்தாலும் மைதானத்துக்கு வந்தது. ஒரே இரும்புத் தண்டில் இந்தப் பக்கம் காற்றுச் சக்கரம், அந்தப் பக்கம் கிணற்றுக்கு மேலே ரிம், ரிம்மில் மாலையாகத் தொங்கும் கயிறு, கயிறு நெடுக டப்பாக்கள். ஊரில் கூரை மாற்றியவர்கள் ஓடு வேண்டாம், ஓலையே போதும் என்றார்கள். விழுகிற சாமான் உடைய வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான் காரணம்.

மார்கழியில் எல்லாம் கூடிவந்தது, தண்ணீர் மட்டும் வரவில்லை. கயிறு பாதி ஏறும், அதற்குமேல் ரிம் தண்டில் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும். காற்றும் எதையும் கழற்றவில்லை. பிள்ளைகள் கழற்றினார்கள், மாட்டினார்கள், திரும்பவும் கழற்றினார்கள். ஆய்வாளர் வரும் நாளும் வந்துவிட்டது. காலையிலிருந்து ஜானகியம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரிம்மைத் தண்டோடு பிடிக்கும் ஆப்பு தளர்வாக இருப்பது அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தானே சொல்லிவிட்டால் அது பிள்ளைகள் செய்ததாகுமா என்று நாலு நாளாக வாயைக் கட்டியிருந்தார். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ராமாயி வாங்கிவைத்த ராட்டை நினைவுக்கு வந்தது. சட்டென்று ஒரு புளியங்கட்டையைச் செதுக்கி, பழைய ஆப்பை எடுத்துவிட்டு, புதியதை இறுக்கி அடித்துவிட்டார்.

ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஊரே சுற்றி நிற்க, சக்கரத்தின் கட்டுகளை அவிழ்த்தார்கள். கயிறு ஏறியது, முறுகியது, கிறீச்சென்றது. அப்போது காற்று அந்தப் புளிய ஆப்பைப் பிடுங்கி, எல்லோருடைய தலைக்கும் மேலே நிதானமாகக் கொண்டுபோய், டீச்சர் வாடகைக்கு இருந்த வீட்டு ஓட்டின்மேல் போட்டது. ஓடு உடைந்த சத்தம் மைதானம் வரை கேட்டது. ஜானகியம்மாளுக்கு முகம் எரிந்தது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. கண்ணாத்தாள் ஓடிப்போய் அந்த ஆப்பை எடுத்துவந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"டீச்சர், உங்கூட்டுக்கும் வந்துருச்சுங்க" என்று அதை அவர் கையில் வைத்தாள்.

பிறகு, டீச்சர் சம்பளம் வாங்க ராசிபுரம் போயிருந்த அன்று கயிறு அறுந்துபோனதையும், பாரம் மீறினால் கயிறு அறுவதற்கு முன்னால் ரிம் வழுக்கட்டும் என்று தானும் கைலாசமுமாக ஆப்பை வேண்டுமென்றே தளர்த்தியதையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். டீச்சர் கையிலிருந்த ஆப்பைப் பார்த்தாள், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பப் பழைய ஆப்பு சரிதானுங்க டீச்சர். பாரந்தானுங்க சாஸ்தி. டப்பாவெ ஒண்ணு உட்டு ஒண்ணு கழட்டிப் பாக்கலாமுங்களா?"

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஜானகியம்மாள் அவரிடம் கெஞ்சவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், கயிறு இழுக்க இடம் வேண்டும் என்று மட்டும் சொன்னார். கழற்றி முடித்துப் பழைய ஆப்பைத் தளர்வாகவே செருகி விட்டார்கள். கயிறு வழுக்காமல் ஏறியது. முதல் டப்பா மேலே வந்து, கவிழ்ந்து, ஆய்வாளரின் செருப்பை நனைத்தது. ஊர் போட்ட கூச்சலில் ராமாயி போட்டதுதான் பெரிது. பள்ளி மூடப்படவில்லை, கண்ணாத்தாளும் பள்ளியை விட்டு நிற்கவில்லை. ஜானகியம்மாள் அந்த உடைந்த ஓட்டை மாற்றவே இல்லை. மழைக்காலத்தில் அதன் கீழே குண்டானை வைத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினார்.

சில வருடங்களில் பள்ளிக்குக் கரண்டு வந்தது, மோட்டார் வந்தது. காற்றுக் குழியை மூடலாமா என்று பஞ்சாயத்தில் ஒருவர் கேட்டதற்கு ஊரே அவரை விநோதமாகப் பார்த்தது. அதற்குள் சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட இந்த வீட்டில் எத்தனை சாமான் விழுந்திருக்கிறது என்று கேட்டுத்தான் காப்பி குடித்தார்கள். எதுவுமே விழாத வீடு என்றால் பெண் கொடுக்க யோசித்தார்கள். சென்னியப்பன் ரிக் வண்டியின் பழுதான உறுப்புகளை அந்திமயங்கும் நேரத்தில் கொண்டுவந்து குழிமேல் காட்டிவிட்டுப் போவதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எண்பத்திரண்டாம் வருடம் ஆனியில், வெண்ணந்தூருக்கு நடந்தே போய்ப் பத்தாவது முடித்த கண்ணாத்தாள், சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பாலிடெக்னிக் படிக்க டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். கிளம்பும் முன், பத்துத் தார் ஒன்றாகச் சுற்றும் இயந்திரம் ஒன்றைச் செய்து குழிமேல் வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆட்டையாம்பட்டி தாண்டியதும் ஜன்னல் வழியாக ஒரு பல்சக்கரம் வந்து அவள் மடியில் விழுந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு பல் சரிந்திருப்பதைக் கண்டுபிடித்து, பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தாள். கண்டக்டர் வந்து இது யாருடையது என்று கேட்டார்.

"என்றதுதானுங்க" என்றாள்.

கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவர் அதற்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.